கையெழுத்துப் போடும் முன் அவள் யாரிடம் கேட்பாள்?

அன்புள்ள அக்காக்களுக்கும் தோழிகளுக்கும்,

அமெரிக்கக் கல்லூரிகளில் தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகளில், அதாவது மாணவிகளே நடத்தும் சகோதரிச் சங்கங்களில் இருந்து, படிப்பு முடித்து வெளியே வந்துவிட்ட தமிழ்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. நம்மில் சிலருக்காவது தமிழ் வாசிக்க வரும். வராதவர்களுக்கு அம்மா வாசித்துச் சொல்லட்டும். அம்மாக்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

இருபது வயதில் நான் எங்கள் கல்லூரியில் இருந்த சங்கக் கிளையின் பொருளாளர். அந்த வருடம் நிதி திரட்ட ஒரு நடன நிகழ்ச்சி வைத்தோம். ஹோட்டல் அரங்கத்துக்கான ஒப்பந்தத்தில் எங்கள் தலைவி கையெழுத்துப் போட்டாள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எத்தனை பேர் வந்தாலும் 200 சாப்பாட்டுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்ற வரியை இருவருமே படிக்கவில்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது 90 டிக்கெட்தான் விற்றிருந்தது. நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்தோம். அப்புறம் தாங்க முடியாமல், எங்களுக்கு முன்னால் படித்து முடித்துப் போன ஒரு அக்காவுக்கு நான் போன் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமையே இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தார். பணம் தரவில்லை. ஹோட்டலிடமும் அவர் பேசவில்லை. எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஏழாவது பக்கத்தில், பத்து நாளுக்கு முன்பு எழுத்தில் தெரிவித்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று இருந்தது. எங்கள் கையில் இன்னும் ஒரு நாள் இருந்தது. "யார் பேசப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். தலைவி பேசினாள். பேசுவதற்கு முன் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம், அவர் ஹோட்டல் மேலாளராக நடித்தார். எண்ணிக்கை 120க்கு இறங்கியது. எழுத்தில் அனுப்ப வேண்டிய கடிதத்தை நான் எழுதினேன், அவர் இரண்டு சொல்லை மட்டும் மாற்றினார்.

இன்றும் என் வேலையில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் ஒரு முறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் போடுகிறேன். நான்கு வருடக் கல்லூரிப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

அந்த அக்கா செய்ததை நாம் எல்லோரும் செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கிளை என்றால் என்ன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் சந்தா வசூலிக்கிறார்கள், கணக்கு வைக்கிறார்கள், கூட்டம் நடத்துகிறார்கள், சண்டை தீர்க்கிறார்கள், பல்கலைக்கழக நிர்வாகத்தின் முன் போய் நிற்கிறார்கள். வருடா வருடம் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். வேலையைக் கற்றுக்கொண்டு நிமிரும்போது படிப்பு முடிந்துவிடும், அடுத்தவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஆள் குறைந்த கிளையில் ஒரே பெண் இரண்டு மூன்று பொறுப்பைச் சுமப்பாள். கற்ற அனுபவம் எங்கேயாவது தங்க வேண்டுமானால், வெளியே போனவர்களிடம்தான் தங்க முடியும்.

நம் சங்கங்களுக்கு இன்னொரு சிக்கல். கப்பா ஆல்ஃபா தீட்டா போன்ற பழைய சொராரிட்டிகள் 1870 வாக்கிலேயே தோன்றியவை, அவற்றில் பாட்டி, அம்மா, பேத்தி என்று தலைமுறைகள் இருக்கும். நம்முடையவை நேற்று வந்தவை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கப்பா ஃபை காமா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ, மூன்றுமே 1998இல் பிறந்தவை. ஆரம்பித்த பெண்களுக்குக் கேட்க ஒரு அக்கா இல்லை. எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அவர்கள் இப்போது 50 வயதை நெருங்குகிறார்கள். முதல் தடவையாக நம்மிடம் போதுமான அக்காக்கள் இருக்கிறார்கள்.

இதில் கறுப்பினப் பெண்களின் சங்கங்களிடம் நாம் கற்க நிறைய உண்டு. 1913 ஜனவரியில் ஹாவர்ட் (Howard, ஹார்வர்ட் அல்ல) பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் 3ஆம் தேதி, வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்த ஊர்வலம் அது. அந்த மாணவிகளோடு நடந்தவர் மேரி சர்ச் டெரெல். அப்போது அவருக்கு 49 வயது, நாடறிந்த போராளி. மறு ஆண்டு அந்தச் சங்கத்துக்கு உறுதிமொழியும் எழுதித் தந்தார். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, அவர் அவர்களுக்குப் பதிலாக நடக்கவில்லை, அவர்களோடு நடந்தார் என்பதைத்தான்.

இந்தக் கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் உறவு முடிவதில்லை. படித்து முடித்தவர்களுக்கென்றே தனிக் கிளைகள் ஊர் ஊராக இருக்கின்றன. கமலா ஹாரிஸ் ஹாவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற அப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் சேர்ந்தவர். அவர் 2020இல் துணை அதிபர் வேட்பாளரானதும் அந்தச் சகோதரிகள் 19 டாலர் 8 செண்ட் என்று குறிப்பிட்ட தொகையாக நன்கொடை அனுப்பினார்கள். சங்கம் பிறந்த 1908ஐக் குறிக்கும் தொகை அது. அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு வாழ்த்தியதைச் செய்தியில் பார்த்தவர்கள், இந்தப் பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பழைய உறுப்பினர்கள் திரும்பி வந்தாலே நல்லதா? இல்லை. 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. தகுதியுள்ள கறுப்பின மாணவிகளை அங்கிருந்த வெள்ளையர் சொராரிட்டிகள் நிராகரித்தன. அவர்களைச் சேர்க்க விரும்பிய இளம் உறுப்பினர்களை, படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று உள்ளே இருந்தவர்களே மாணவர் பத்திரிகையான தி கிரிம்சன் ஒயிட்டிடம் சொன்னார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனார்கள், நிர்வாகம் சேர்க்கையை மறுபடி திறக்க வைத்தது. இருபது வயதுக்காரிகள் சரியாக யோசித்த இடத்தில், ஐம்பது வயதுக்காரிகள் குறுக்கே நின்றார்கள். பண பலமும் தொடர்பும் உள்ள எந்த அக்காவுக்கும் இந்த ஆபத்து உண்டு. நம்மிடம் சாதி, மொழி, யாருடைய அப்பா என்ன வேலை என்ற பேச்சு வழியாக அது உள்ளே வரலாம். வந்தால் முதலில் நாமே நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேரும் பெண்களைப் படுத்துவதை இங்கே ஹேசிங் என்கிறார்கள், ஊரில் ராகிங். "நாங்க எல்லாம் பட்டோமே, இவளும் படட்டும்" என்று அதற்காக மட்டும் கிளைக்குத் திரும்பி வருகிறவர்கள் எல்லாச் சங்கத்திலும் உண்டு. தயவுசெய்து வர வேண்டாம். 2024 டிசம்பரில் ஹேசிங்குக்கு எதிரான கூட்டரசுச் சட்டம் வந்திருக்கிறது, கல்லூரிகள் இனி இந்தச் சம்பவங்களை வெளியிட்டாக வேண்டும். ஆனால் சட்டத்துக்காக அல்ல, அந்தப் பெண் நாளை யாரிடம் உதவி கேட்பாள் என்பதற்காகச் சொல்கிறேன். தன்னை அவமானப்படுத்திய அக்காவுக்கு அவள் போன் செய்ய மாட்டாள். நான் அந்த நான்காம் நாள் போன் செய்ததே, அவர் என்னை ஒரு தடவைகூடச் சின்னவளாக நடத்தாததால்தான்.

அம்மாக்களே, என் அம்மா கேட்டார்: "படிக்கப் போனியா, சங்கம் நடத்தப் போனியா?" அந்தக் கவலை நியாயமானது. சில இடங்களில் குடியும் கூத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் மகள் கிளையில் ஒரு பொறுப்பு எடுத்திருக்கிறாள் என்றால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அந்த வேலை என்னவென்று கேளுங்கள். பொறுமையாகக் கேட்டால் சொல்வாள்.

அக்காக்களே, ஆண்டு விழாவுக்கு நாம் பட்டுப்புடவையில் வந்து, படம் எடுத்து, காசோலை கொடுத்துவிட்டுப் போகிறோம். காசோலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மாதம் ஒரு மணி நேரம் கொடுங்கள். கணக்குத் தெரிந்தவர் பொருளாளரோடு உட்காருங்கள். வழக்கறிஞராக இருப்பவர் ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்று காட்டுங்கள். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவருக்கு, சோர்ந்துபோன குழுவை எப்படிச் சமாளிப்பது என்று நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். முடிவை அவர்கள் எடுக்கட்டும். தப்பாக எடுத்தாலும், பெரிய சேதம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய கிளையின் தலைவிக்கு நான்கு வரி எழுதுங்கள். அவள் பெயர்கூட உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் என்ன. நீங்கள் யார், எந்த ஆண்டு சேர்ந்தவர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, இந்த வாரம் அவளுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். நானும் எழுதப் போகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி, முன்னாள் பொருளாளர்