அலமாரிக் கதை குறித்து மகளுக்கு

கானாடுகாத்தான்

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் நலம்.

பேரனுக்கு நார்னியா என்னும் மாய உலகக் கதை வரிசையின் முதல் படத்தைக் காட்டலாமா, கதையை முதலில் படித்துக் காட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். படத்தை மறுமுறை பார்த்துவிட்டு, நீ விட்டுச்சென்ற புத்தகத்தையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட நாவலில், குண்டுவீச்சின் காரணமாக நான்கு பிள்ளைகள் லண்டனிலிருந்து ஒரு பேராசிரியரின் வீட்டுக்கு அனுப்பப்பட்ட செய்தி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்ட்ரூ ஆடம்சன் 2005-இல் எடுத்த படமோ குண்டு விழும் இரவிலேயே தொடங்கி, தந்தையின் புகைப்படத்தை எடுக்க அந்த நால்வரில் ஒருவனான எட்மண்ட் வீட்டுக்குள் திரும்ப ஓடுவதையும், ரயிலடியில் தாய் தன் பிள்ளைகளை வழியனுப்புவதையும் காட்டுகிறது. நாவலில் அந்தத் தாய் நம் கண்ணில் படுவதே இல்லை. 1942-இல் ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்தே ஊர் சேர்ந்தவர் என் ஐயா; அவர் வரும்வரை பட்டாலையில் மாட்டியிருந்த அவருடைய படத்தை அப்பத்தா துடைத்துத் துடைத்தே கண்ணாடி மங்கிப்போனது என்பார்கள். அதனால்தானோ என்னவோ, மூலத்தில் இல்லாத அந்தப் பகுதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நார்னியாவில் நடக்கும் போர்க்காட்சியைத்தான் குறைசொல்வேன். நாவலில் சுருக்கமாக அடங்குவது படத்தில் நீண்டுகொண்டே போகிறது. அப்பச்சி அதற்குள் உறங்கிவிட்டார்.

ஆனாலும் புத்தகத்தையே முதலில் படித்துக் காட்டு. மழை நாளொன்றில் பிள்ளைகள் அந்தப் பெரிய வீட்டை அறை அறையாகச் சுற்றிப் பார்க்க, மற்றவர்கள் நகர்ந்த பிறகு கடைக்குட்டி லூசி மட்டும் பின்தங்கி, நார்னியாவுக்கு வழியாகும் அலமாரியைத் திறக்கிறாள். இரண்டு அந்துருண்டைகள் கீழே விழுகின்றன. படம் இதைக் கண்ணாமூச்சி ஆட்டமாக்கி விரைவுபடுத்திவிட்டது. முகப்பிலிருந்து வளவைக் கடந்து கடைசிக் கட்டுவரை ஓடினாலும் தீராத வீட்டில் வளர்ந்த உனக்கு, அந்த நிதானமான சுற்றலின் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வது அறிவீனம் என்று லூயிஸ் ஒருமுறைக்குப் பலமுறை சொல்லும் வரிகளை மட்டும் தாண்டிவிடாதே. ஆறு வயதில் நீ பர்மாத் தேக்கு அலமாரிக்குள் ஒளிந்துகொள்ள, பூட்டு தானே விழுந்துவிட, வீடு முழுவதும் உன் பெயரைக் கூவித் திரிந்தோம். அன்று மாலையே ஆசாரியை வரவழைத்து அந்தப் பூட்டைக் கழற்றச் சொன்னேன். இன்றுவரை திரும்ப மாட்டவில்லை.

மே மாதம் வரும்போது பேரன் அதைத் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டான். உள்ளே என் பழைய கண்டாங்கிச் சேலைகள்தான் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
ஆத்தா