கோதுமை ஆகாத பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் அவள் சிறுகுடலைக் கெடுத்துவிடும். வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் வந்தபோது, தேயிலை பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன இருக்கும் என்று பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும்தான் கொடுத்தார்கள். கடன் வாங்கி கோவைக்குப் போய் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் செய்த பிறகே நோய் தெரிந்தது. கடனும் கிடைக்காதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வட இந்தியாவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கும், தெற்கில் 1,000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் உண்டு என்கிறது 2016இல் வெளியான ஓர் ஆய்வு. அங்கே கோதுமை அதிகம் சாப்பிடுகிறார்கள். இப்போது இங்கும் வர்க்கி, பன், பரோட்டா என்று கைக்கு எட்டுவதெல்லாம் கோதுமைதானே?

2023இல் நம் நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது பெரிய உதவி. ஆனால் மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அதையும் அரைக்கிறார்கள்; ஒட்டியிருக்கும் மாவே அவளுக்கு ஆகாது. சிறுதானியத்துக்கு மட்டுமான அரவை மில்லை மகளிர் குழுக்கள் மூலம் அரசு அமைக்க வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனையும் தாலுகா மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

ஒரு தாய்,
கோத்தகிரி