மாம்பழத் தோலில் ஓர் அணுகுண்டு

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரழிவுப் படங்களின் அறிவியலைக் கிண்டல் செய்து நீ இணையத்தில் வெளியிடுவதற்காக வரைந்த காமிக்ஸ் ஐந்தும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. அவற்றை நான் முதன்முதலில் பார்த்த இடம் மாங்கூழ்த் தொழிற்சாலையின் வாசல். எங்கள் தோப்புப் பெங்களூரா மாம்பழத்தை ஏற்றிய டிராக்டர் முப்பது, நாற்பது வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னிடம், என்ன விஷயம் என்று டிரைவர் கேட்டார். சிரிப்புக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது நீர்த்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரிசை நகர்வதாக இல்லை, ஆகவே விளக்கினேன்.

அவரிடம் நான் காட்டியது உன் நியூட்ரினோக் காமிக்ஸ். நியூட்ரினோ என்பது எதிலும் ஏறக்குறைய மோதாமலே ஊடுருவிப் போகும் நுண்துகள். முதல் கட்டத்தில் ஒரு குச்சி மனிதர், "சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் பூமியின் உட்கருவைக் கொதிக்க வைக்கின்றன!" என்று அலறுகிறார். இரண்டாம் கட்டத்தில் இன்னொருவர், "இந்த ஒரு நொடியில் உன் கட்டைவிரல் நகத்தின் வழியாக 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்விட்டன" என்கிறார். மூன்றாம் கட்டத்தில் பேச்சே இல்லை. முதலாமவர் தன் நகத்தையே உற்றுப் பார்க்கிறார். நான்காம் கட்டத்தில், "இப்போது இலேசாகக் கூசுகிறது" என்கிறார். டிரைவரும் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ராத்திரியிலாவது நிக்குமா சார்?" என்று கேட்டார். இரவில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு நம் கட்டிலுக்கு அடியிலிருந்து மேலே வரும் என்று சொன்னேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் முன்வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இந்தக் கட்டத்தை நீ வரையாமல் விட்டது உன் தவறு.

அந்தக் காமிக்ஸ் கிண்டல் செய்யும் '2012' படத்தை 2009-இல் நாம் இருவரும் தருமபுரியில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நிலம் பிளந்து ஊரே உள்ளே சரிந்துகொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் போடும்வரை இருட்டில் எல்லோரும் விசில் அடித்துக்கொண்டிருந்தோம். படத்தின் தொடக்கம் இந்தியாவில், ஆழமான ஒரு செப்புச் சுரங்கத்தில் நடக்கும். நியூட்ரினோக்கள் புதுவகைத் துகளாக மாறி, மைக்ரோவேவ் அடுப்பைப் போலப் பூமியைச் சூடாக்குவதாக அங்கேதான் கண்டுபிடிப்பார்கள். அது கற்பனைச் சுரங்கம். உண்மையான சுரங்கம் நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, கோலார் தங்கவயலில் இருந்தது. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் பிடித்தார்கள். அவ்வளவு ஆழம் எதற்கென்றால், விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் மேலே உள்ள பாறை வடிகட்டிவிட வேண்டும் என்பதற்காகத்தான். அங்கே சுரங்க வேலை பார்த்த என் பெரியப்பா, கீழே போனால் பாறையே அனல் அடிக்கும் என்று சொல்வார். அந்த அனலுக்குக் காரணம் ஆழமே தவிர நியூட்ரினோ அல்ல. கோடிகோடியாகக் கடந்து போகிறவற்றில் ஒரு சிலவற்றைக் காண்பதற்காக அறிஞர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள் என்பதுதான், படத்தில் வருவதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. இதை இரண்டே கட்டங்களில் வரையலாம். இருட்டுச் சுரங்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். "ஏதாவது வந்ததா?" "கோடிக்கணக்கில் வந்தன." "ஒன்றையாவது பார்த்தாயா?" "இல்லை."

இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பது பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது, நியூட்ரினோக் கதிர் ஊரையே பொசுக்கிவிடும் என்று ஒரு மாணவன் உறுதியாகச் சொன்னான். மலையைக் குடைவதைப் பற்றியும், காட்டையும் நீரையும் பற்றியும் அந்தப் பகுதி மக்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இவனுடைய அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, தொலைக்காட்சியில் பார்த்த படத்தைத்தான் சொன்னான். உன் காமிக்ஸை அவனுக்குக் காட்டியிருக்கிறேன். இப்போது அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிறான்.

விண்கல் காமிக்ஸுக்கு வருகிறேன். 1998-இல் வந்த 'ஆர்மகெடான்' படத்தில், பூமியில் மோத வரும் விண்கல்லைத் துளைத்து உள்ளே அணுகுண்டு வைக்க எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை அனுப்புவார்கள். இப்படித் துளை போடுகிறவர்களை விண்வெளி வீரர்களாக்குவதைவிட, விண்வெளி வீரர்களுக்குத் துளை போடக் கற்றுக்கொடுப்பது எளிதல்லவா என்று உன் குச்சி மனிதர் கேட்கிறார். படம் வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்டுப் பழசாகிப்போன கேள்வி அது. மேலும், இந்த விஷயத்தில் நான் துளை போடுகிறவர்கள் பக்கம். எங்கள் தோப்பில் மூன்றாவது போர்வெல் போட்டபோது, குழாயில் கை வைத்தபடி நின்றிருந்த ரிக்காரர், பாறை மாறப்போகிறது என்று வெறும் அதிர்வை வைத்தே சொன்னார். இரண்டு நிமிடத்தில் வெள்ளைப் புழுதி சாம்பல் நிறமாக மாறியது. இந்தக் கைப்பழக்கத்தை எந்தப் பயிற்சி மையத்திலும் சில நாட்களில் கற்றுத்தர முடியாது.

நீ சிரித்திருக்க வேண்டிய இடம் வேறு. டெக்சாஸ் மாநிலத்தின் அளவுள்ள கல், அதில் அவர்கள் போடும் துளை 800 அடி. எண்ணூறு அடியாம்! நம் ஊரில் எண்ணூறு அடியில் பல இடங்களில் தண்ணீர்கூட வருவதில்லை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் குறுக்களவுள்ள கல்லில் 240 மீட்டர் என்றால், ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பத்து சென்டிமீட்டர் மாம்பழமாக அந்தக் கல்லை எண்ணிக்கொண்டால், துளையின் ஆழம் 0.02 மில்லிமீட்டர், குண்டு பழத்தின் தோலைக்கூடத் தாண்டவில்லை. இந்தக் கணக்கை அந்த டிராக்டரில் சாய்ந்துகொண்டு ஒரு காயைக் கையில் வைத்தே போட்டேன். இன்னொன்றும் உண்டு. விண்கற்களிலேயே மிகப் பெரிதான சீரீஸின் குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். அதை அந்தக் காலத்துத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டே 1801-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய கல், மோதுவதற்கு 18 நாட்களுக்கு முன்புதான் கண்ணில் படுகிறதாம். உண்மையில் 2022 செப்டம்பரில் நாசா செய்தது, துளையும் போடாமல், குண்டும் வைக்காமல், 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபோஸ் என்ற கல்லின்மீது ஒரு விண்கலத்தைக் கொண்டுபோய் மோதியதுதான். அது தன் பெரிய துணைக்கல்லைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட சுமார் 12 மணி நேரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. இவ்வளவு சாதுவான வெற்றியை எந்தத் தயாரிப்பாளரும் படமாக எடுக்கமாட்டார்.

நிலநடுக்கக் காமிக்ஸும் எரிமலைக் காமிக்ஸும் பரவாயில்லை, அப்படியே வெளியிடு.

பனிக் காமிக்ஸில்தான் எனக்கு வருத்தம். 2004-இல் வந்த 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தில், வானத்தின் உயரத்திலிருக்கும் கடுங்குளிர்க் காற்று மிக வேகமாக இறங்கியதால் சூடேற நேரமில்லாமல் போய், மனிதர்களை நின்ற இடத்திலேயே உறைய வைக்கிறது. அந்தக் குளிர் ஒரு கதவைச் சாத்தியதும் வெளியே நின்றுவிடுவதை நீ நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறாய். ஆனால் மூன்றாம் கட்டத்தில் உன் குச்சி விஞ்ஞானி, "மெதுவாக இறங்கியிருந்தால் சூடேறியிருக்கும்" என்கிறாரே, அங்கே நீயும் படத்தோடு சேர்ந்து வழுக்கி விழுந்துவிட்டாய். இதை நானும் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் காட்டியபோது, சூளகிரியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கினாலே வெக்கை ஏறுகிறதே, இதற்கு வேகம் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். பியூனிடம் சைக்கிள் பம்பை வாங்கிவரச் சொன்னேன். காற்று வெளியேறும் முனையை ஒரு பையன் விரலால் அடைத்துக்கொள்ள, இன்னொருவன் மெதுவாக அழுத்தினான். பம்பின் அடிப்பகுதி வெதுவெதுப்பானது. ஆற விட்டு, பிறகு மூச்சுவிடாமல் வேகவேகமாக அழுத்தச் சொன்னேன்; அடிப்பகுதியைப் பிடித்திருந்தவன் கையை உதறிக்கொண்டான். கீழே இறங்கும் காற்று அழுந்துவதால்தான் சூடாகிறது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேரவேண்டிய தேவையே இல்லாததால் அதற்கு நேரமும் தேவையில்லை. வேகமாக இறங்கினால், ஏறிய சூடு வெளியே கசியவும் அவகாசம் இருக்காது.

உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 50 டிகிரியில் இருக்கும் காற்றைத் தரைக்கு இழுத்தால் அது 50 டிகிரியை நெருங்கிவிடும். நம் கத்திரி வெயிலே அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் முடித்தபோது வகுப்பே கைதட்டியது. எனக்கு அல்ல, சூளகிரிப் பெண்ணுக்கு.

முதல் பொய்யைப் படத்துக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி; பொய் இல்லாமல் கதை நகராது. ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ராண்டல் மன்றோ 2005-இல் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' என்ற இணையக் காமிக்ஸில் முகம்கூட இல்லாத குச்சி மனிதர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சிரிக்க வைப்பதற்கு, கேள்வி எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் கணக்கு சரியாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீயும் அந்த ஜாதிதான். சோம்பல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஆகவே பனிக் காமிக்ஸின் கடைசி இரண்டு கட்டங்களைத் திருத்தி அனுப்பு. நியூயார்க் மக்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள்; மேலிருந்து காற்று இறங்குகிறது. அடுத்த கட்டத்தில் கம்பளிகளெல்லாம் தரையில் கிடக்கின்றன, எல்லோரும் ஒரு தள்ளுவண்டி முன்னால் நுங்குக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நுங்குக்காரர் தலையில் ஈரத்துண்டு ஒன்றைப் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்.