கட்டடம் அப்புறம் பார்க்கலாம்

மாப்ளே,

பதில் போட நாளாகிவிட்டது, திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் உன்னை விசாரித்தார்.

தீரா நோயில் கிடப்பவர்களுக்கு இல்லம் கட்ட இடம் பார்க்கிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மட்டை வாங்குவதற்கு முன்னாலேயே கிளப்புக்குப் போர்டு எழுதிய ஆள் நீ! கோழிக்கோட்டில் 1993-இல் இந்த வேலையைத் தொடங்கியபோது அது மருத்துவக் கல்லூரியில் ஒரு புறநோயாளிப் பிரிவுதான். பின்னால் மலப்புறம் முழுக்கப் பரவியது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிய அக்கம்பக்கத்து ஆட்களால். பயிற்சி எடுத்துக்கொண்டு நர்ஸோடு வீடு வீடாகப் போனார்கள். நீயும் முதலில் ஒரு நர்ஸைப் பிடி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருபவர்களோடு சேர்ந்துகொள்.

என் பெரிய கவலை வலி மாத்திரை. புற்றுநோய் வலி முற்றினால் மார்ஃபின்தான். வீட்டுக்காரர்கள் “பழகிவிடும், கடைசிக்கு வைத்துக்கொள்வோம்” என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தப் பேச்சு கேட்டாலே ஆத்திரம் வருகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்தியே பொழுது போய்விடும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்னால் இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். நேரத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டு, படிக்கத் தெரியாத வீட்டில் சூரியன், நிலா வரைந்து கொடு.

கூடவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. குமட்டல் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. அதற்குப் பயந்தே பலர் மார்ஃபினை நிறுத்திவிடுகிறார்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மந்தம் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது சீக்கிரம் வரும். மாத்திரையைப் பூட்டி வைத்து எண்ணிக்கை எழுது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வாங்கி வைப்பது எளிது. ஆனால் எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும், அதுதான் முட்டுக்கட்டை.

இன்னொன்று, நாற்றம். புண் நாறினால் சொந்தக்காரன்கூட வாசலோடு திரும்பிவிடுவான், நோயாளிக்கு அது வலியைவிடக் கொடுமை. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் அதில் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல். சில நாளில் வித்தியாசம் தெரியும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும் சொல்லிக்கொடு. வீட்டுக்குள் நுழைந்ததும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் “நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?” என்று கேள். யாராவது இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் குளித்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். சம்பாதித்தவரே படுத்துவிட்ட வீட்டில் அரிசியும் பள்ளிக்கூடக் கட்டணமும் உங்கள் கணக்கில் வரட்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஒருமுறை போய்ப் பார். அப்போதுதான் வீடு காலியாக இருக்கும்.

உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மார்ஃபின் எழுதித் தருவது யார் என்று விசாரித்து எழுது. அதற்குள் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்