ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் கைதிகள் பற்றிப் பேச்சு வந்தால் சாப்பாடு, நாப்கின், பெண் மருத்துவர் என்றே தொடங்குகிறோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் சிறையில் இருக்கவே தேவையில்லாத பெண்களை வெளியே கொண்டுவருவது அதைவிட அவசரம். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களைச் சொல்கிறோம்.

‘இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை நம் மாநிலத்தில் சர்வசாதாரணம். ஆண் சிறைக்குப் போனால் அம்மாவும் மனைவியும் தாலியை அடகு வைத்தாவது அலைகிறார்கள். பெண் போனால் பல வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கணவர் இறந்த வழக்கென்றால் புகார் கொடுத்தவர்களே மாமியார் வீட்டாராக இருப்பார்கள். பிறந்த வீடு ‘எங்களுக்கு அப்படியொரு மகளே இல்லை’ என்கிறது. ஜாமீன்தாரர் காட்ட வேண்டிய வீட்டு வரி ரசீதும் பட்டாவும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். யாராவது இரங்கி வந்தாலும் வரி ரசீதில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொரு இனிஷியல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அன்றைய கூலியை விட்டு வந்தவர் மறுமுறை வருவது அபூர்வம். ஜாமீன் பத்திரம் ஏற்கப்பட்டாலும், விடுதலை உத்தரவில் தந்தை பெயரோ குற்ற எண்ணோ பிசகியிருந்தால் அது நீதிமன்றத்துக்கே திரும்பிப் போகும். மாலையில் கைதிகளை அறைகளில் பூட்டிய பிறகு அது வந்து சேர்ந்தால் இன்னும் ஓர் இரவு.

இதற்கு உச்ச நீதிமன்றம் 31.1.2023 அன்றே வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போய், அவர் மூலம் கைதியின் கைக்கு வர வேண்டும். 7 நாளில் வெளியே போகவில்லையென்றால் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பத்திரம் தரமுடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்றும் அந்த உத்தரவு யோசனை சொல்கிறது. இரத்த உறவு நிபந்தனையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

சிக்கல் வருவது 7-ஆம் நாளில்தான். சிறையின் மென்பொருளில் ஜாமீன் தேதி ஏறினால் மட்டும் போதாது. யாராவது அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேச வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு ஆங்கிலத்தில் இருக்கும். எத்தனை ரூபாய்க்குப் பத்திரம், எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை நாள் கையெழுத்து என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிட்டால், வாசல்வரை வந்து திரும்பும் கொடுமை இருக்காது. தொகை அதிகமென்றால் குறைக்கவும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 484), ஜாமீன்தாரருக்குப் பதில் பணம் கட்டவும் (பிரிவு 490) மனுப் போடலாம். இந்த மனுக்கள் போடப்படாமலேயே பலருக்கு நாள் ஓடுகிறது.

ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்றது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளை விலக்கிவிட்டார்கள். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, ஜாமீன் கிடைப்பது கடினம். அதற்குக் கீழே, யாரோ கொடுத்த பையைச் சுமந்து பிடிபட்டு, ஜாமீனும் பெற்ற பெண்ணுக்கு அந்தப் பணம் இல்லை. இந்த இடைவெளியை மாநில அரசு தன் நிதியில் நிரப்ப வேண்டும்.

தாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் நாளும்தான். 6 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம். 6 வயதான பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் தாயின் விருப்பத்தைக் கேட்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது பார்க்க விட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஜாமீன் கையில் இருக்கும் தாய்க்கு இதில் எதுவுமே தேவைப்படக் கூடாது.

வீட்டுப் பெண் யாரேனும் சிறையில் இருந்தால் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அழையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கு எண், நீதிமன்றம், சிறை, ஜாமீன் கிடைத்த தேதி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர்கள்,
மதுரை