முன் சைட் கோணலாக வந்த ஏர் ரைஃபிளை மாற்றித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது யாராவது முழுசாகப் படியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓப்பன் சைட் பிரிவில் சுடுகிறாள் (பின் சைட்டின் பள்ளத்துக்கு நேராக பேரல் நுனியிலுள்ள முன் சைட்டை வைத்துக் குறி பார்ப்பது). அவளுக்காக ஜூன் மாதம் 18,500 ரூபாய் கொடுத்து உங்கள் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளை வாங்கினேன். வந்த நாளிலிருந்தே 10 மீட்டரில் குண்டெல்லாம் இடப்பக்கம்தான் விழுகிறது. பின் சைட்டை வலது கோடி வரை திருகிவிட்டோம், அதற்கு மேல் திருக இடமில்லை. அப்போதும் நடுவிலிருந்து 4 செ.மீ. தள்ளித்தான். மணல் மூட்டை மேல் வைத்துக் கோச்சும் சுட்டுப் பார்த்தார், அதே இடம். ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகின்றன. அப்படியென்றால் பேரலில் குறை இல்லை, சுடுகிறவர் கையிலும் குறை இல்லை. முன் சைட் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. முன் சைட் வலது பக்கம் தள்ளியிருந்தால் குண்டு இடப்பக்கம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் ஆளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் பேசியவர், "இடது பக்கம் போகுதா? முன் சைட்டை வலது பக்கம் லேசாகத் தட்டுங்க" என்றார். நம்பித் தட்டினேன். 4 செ.மீ. 6 செ.மீ. ஆனது! பின் சைட்டைத்தான் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டுக்கு அது தலைகீழ், குண்டு தப்பிப் போகிற பக்கமே நகர்த்த வேண்டும். இரண்டு சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர், இலக்கு அட்டை 10 மீட்டரில். சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அட்டையில் 2 செ.மீ. நகரும். கோச் இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. துப்பாக்கி விற்கிறவருக்கு இது தெரியாதா?

அப்புறம் நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். காரைக்குடியிலிருந்து இரவு பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, நீளப் பையைப் பார்த்த போலீஸ்காரரிடம் பில்லைக் காட்டி விளக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தால், "சைட் பார்க்கிறவர் இன்னிக்கு லீவு." முந்தின நாள் போனில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கவுன்டரில் இருந்தவர் பையைத் திறக்கக்கூட இல்லை. "சுடத் தெரியலைன்னா துப்பாக்கியைக் குறை சொல்லாதீங்க சார்" என்றார், என் மகளை வைத்துக்கொண்டே. ஊர் வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளை நான் மறக்கப் போவதில்லை.

இப்போது கூரியரில் வாங்கிப் பார்த்துவிட்டு, முன் சைட்டில் தட்டிய தடம் இருப்பதால் வாரன்ட்டி செல்லாது என்கிறீர்கள். தட்டச் சொன்னதே நீங்கள்தானே? ஆகஸ்ட் மாதம் அந்தப் போன் வந்த எண்ணும் நேரமும் என்னிடம் இருக்கின்றன.

இதற்கிடையே மாவட்டப் போட்டி முடிந்துவிட்டது. இரவல் ரைஃபிளில் சுட்டுத் தேர்வாகாமல் போனாள். இரண்டு வருட உழைப்பு, அவள் எதிர்காலமே போயிற்று. அதற்கு யார் ஈடு தருவது?

உங்கள் மேல் இன்னமும் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன்: தயவுசெய்து சைட் நேராக உள்ள வேறு ரைஃபிளை, 10 மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டையோடு அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் சென்னை வந்துபோன செலவையும் கொடுங்கள். 15 நாள் பார்ப்பேன். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது. நான் விடுகிற ஆள் இல்லை.

இப்படிக்கு,
காரைக்குடி வாடிக்கையாளர்

பி.கு.: கூரியரில் ரைஃபிளோடு ஆறு இலக்கு அட்டைகளும் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் தேதி போட்டு என் மகள் எழுதி வைத்தவை. ரைஃபிளை என்ன செய்தாலும் அவற்றைத் திருப்பி அனுப்புங்கள்.