பானட்டைத் திறக்கத் தயங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பராமரிப்புச் செலவு நடுத்தரக் குடும்பங்களை எப்படி அழுத்துகிறது என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெட்ரோல், டயர், காப்பீடு என எல்லாவற்றையும் கணக்கிட்ட கட்டுரையாளர், வண்டிக்காரரே செய்துகொள்ளக்கூடிய சிறு இன்ஜின் வேலைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது குறையாகப் பட்டது.

ஒர்க்‌ஷாப் பில்லில் உதிரிபாகத்தின் விலையோடு கூலியும், அந்தக் கூலியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேருகின்றன. பெரும்பாலான சிறிய கார்களில் சில கிளிப்புகளை விடுவித்தாலே, இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை மாற்றிவிடலாம். இதற்கும் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் பாதியாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது வேறு கதை. பெட்ரோலைக் காற்றோடு இயந்திர முறையில் கலந்த பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ, வரும் காற்றுக்கு ஏற்பப் பீய்ச்சும் பெட்ரோலின் அளவையும் வண்டியின் கணினி குறைத்துவிடுவதால், முதலில் குறைவது வண்டியின் இழுவைத் திறன்தான்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும் வண்டிக்கு உடனே புதிய பேட்டரி வாங்கத் தேவையில்லை. கேபிள்கள் மாட்டும் பேட்டரி முனைகளான டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவே பல சமயம் காரணமாக இருக்கும். முதலில் நெகட்டிவ் கேபிளையும் பிறகு பாசிட்டிவ் கேபிளையும் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் எதிர்வரிசையில் மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவினால் போதும். இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் இணைப்பு இருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத் தெரிந்துகொள்வதை இவற்றைவிடப் பயனுள்ளதாகக் கருதுகிறேன். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே அதைத் தொட வேண்டும். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே முறுக்க வேண்டும். இல்லையேல் பிளக் பொருந்தும் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் மரை கெட்டு, மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவாகிவிடும். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. எண்ணெய்ப் பசை தென்பட்டால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். இவ்வளவு தெரிந்தவரிடம், கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத 'இன்ஜின் ஃப்ளஷ்' (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுதல்) போன்றவற்றைப் பில்லில் ஏற்றுவது எளிதல்ல. கூலியில் மிச்சமாவதைவிட இந்த வகையில் மிச்சமாவதே பெரிது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. டைமிங் பெல்ட்டையும், ஆயிரம் பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் காமன்ரெயில் டீசல் குழாய்களையும் தெரிந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆயில் மாற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. தவிர, 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரக் கழிவாகிய பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுபவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். வாரன்டியில் உள்ள வண்டியில் கை வைக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்வதும் அவசியம்.

என் காருடன் வந்த கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. தமிழ்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குப் பராமரிப்பு அட்டவணையையாவது தமிழில் அச்சிட்டுத் தருமாறு நிறுவனங்களைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். அதுவரை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வாரந்தோறும் ஒரு வேலையைப் படத்துடன் விளக்கும் பகுதியைத் தொடங்கினால் என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.